வீட்டிலிருந்தே மருத்துவக் குறியீட்டுப் பணி

நம் கிராமங்களில் பட்டம் பெற்ற இளைஞர்களும் பெண்களும் பெருகி வருகின்றனர். நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு நகரம் செல்ல இயலாதோர் அவர்களுள் பலர். அத்தகையோர் மேற்கொள்ளத்தக்க தொழில்களுள் ஒன்று மருத்துவக் குறியீட்டுப் பணியாகும்.

பணி யாது?

அமெரிக்காவில் சிகிச்சைக் கட்டணத்தைப் பெரும்பாலும் காப்பீட்டு அமைப்புகளே செலுத்துகின்றன. மருத்துவரின் குறிப்பைப் படித்து, நோயையும் சிகிச்சையையும் உரிய குறியீடுகளாக மாற்றித் தருவதே இப்பணி. நோய்களுக்கான ஐ.சி.டி.-10-சி.எம். தொகுதி அங்கு 2015 அக்டோபர் 1 முதல் வழங்கி வருகிறது; சிகிச்சைகளுக்குச் சி.பி.டி. என்னும் தொகுதி உண்டு. சான்றாக, இரண்டாம் வகை நீரிழிவு சிக்கலின்றி இருப்பின் இ 11.9 என்று குறிக்க வேண்டும். அதனால் பாதத்தில் புண் ஏற்பட்டிருப்பின் இ 11.621 என்பதோடு, புண்ணின் இடத்தையும் ஆழத்தையும் காட்டும் வேறொரு குறியீடும் தேவை. பிழை நேர்ந்தால் கட்டணம் மறுக்கப்படும்.

பயிற்சியும் தேர்வும்

உயிரியல், செவிலியம், மருந்தியல் போன்ற பாடங்களைப் பயின்றோர்க்கு இது எளிதில் கைவரும். உடற்கூறும் ஆங்கில மருத்துவச் சொற்களும் முதலில் கற்க வேண்டியவை. ஏ.ஏ.பி.சி. என்னும் அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.பி.சி. தேர்வில் 4 மணி நேரத்தில் 100 வினாக்களுக்கு விடையளித்து, 70 விழுக்காடு பெற வேண்டும். அடிப்படை தேர்ந்தபின் கதிரியக்கம், அவசர சிகிச்சை, அறுவை, மயக்க மருந்து என ஒரு துறையில் தனித் திறமை பெறுவது நன்று.

வீட்டில் செய்வதெப்போது?

புதியவர்க்கு முதல் நாளே வீட்டுப்பணி கிட்டுவது அரிது. சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களின் அலுவலகங்களில் சில காலம் உழைத்து, பிழையின்மையை மெய்ப்பித்த பின்னரே அவ்வாய்ப்பு பெரும்பாலும் வரும். நோயாளியின் விவரங்களைக் காக்க அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. ஆதலின் பிறர் பார்வை படாத தனியறையும், தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும் இன்றியமையாதவை.

எச்சரிக்கை

“பணம் கட்டினால் வேலை நிச்சயம்” என்போரை நம்பி நகையை அடகு வைப்பதும் நிலத்தை ஒற்றி வைப்பதும் வேண்டா. நேர்மையான நிறுவனம் வேலை தருவதற்குப் பணம் கேளாது. பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன், அங்குப் பயின்று வேலையில் அமர்ந்தோரை நேரில் கண்டு விசாரித்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வுண்மைகளைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். நூலகத்தில் கணினியும் இணைய வசதியும் ஏற்பட முயலலாம். விழிப்போடு கற்பவர், ஊரில் இருந்தவாறே உழைத்து உயர வழியுண்டு.