ஆயிரம் வீடுகளை இடிக்க வைத்த பஞ்சு

பாழடைந்த வீட்டை இடிப்பது உலக வழக்கம். ஆனால், நன்றாக இருக்கும் ஆயிரம் வீடுகளைச் சர்க்காரே விலை கொடுத்து வாங்கி, இடித்துத் தரைமட்டமாக்கி, மேல்மண்ணையும் சுரண்டி எடுத்துப் புதைத்தது உண்டா?

உண்டு. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் அது நடந்தது. அந்த வீடுகளில் பேய் குடியிருக்கவில்லை. வெள்ளம் புகவில்லை. கூரைக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு கிடந்தது. அவ்வளவுதான்!

அது பருத்திப் பஞ்சு அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்கிறோமே, அந்தக் கல்நார்.

குளிருக்குப் போர்வை

கான்பெராவில் குளிர்கால இரவுகளில் தண்ணீர் உறைந்துபோகும். ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே எதையாவது பரப்பி வைத்தால் வீட்டுக்குள் கதகதப்பு தங்கும். 1968-ல் ஒரு சிறு கம்பெனி இந்த வேலையில் இறங்கியது. கல்நாரைச் சிமெண்டு எதுவும் கலக்காமல், உதிரியாகவே, குழாய் வழியாகக் கூரைக்குள் ஊதித் தள்ளியது. பார்வைக்குப் புசுபுசுவென்று இருக்கும். அதனால் அந்தத் தொழிலுக்கு "மிஸ்டர் பிளப்பி" என்ற செல்லப் பெயர் ஏற்பட்டது. நம் பேச்சில் சொன்னால், "திருவாளர் பஞ்சு"!

கல்நார் தீப்பிடிக்காது, மக்காது. வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. ஆனால், தொழில் தொடங்கிய அதே 1968-ல், சர்க்காரின் சுகாதார இலாகாவைச் சேர்ந்த ஓர் அதிகாரி, "இது ஆபத்து, தடுக்க வேண்டும்" என்ற கருத்தில் எழுதி வைத்தார். அந்தக் காகிதத்துக்கு ஏற்பட்ட கதி எல்லா இலாகாக் காகிதங்களுக்கும் ஏற்படுவதுதான். 1979 வரையில் பஞ்சு ஊதப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குள் அது போய்ச் சேர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஊசி

கல்நார் பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஒரு தாதுப்பொருள். நார் நாராகப் பிரியும். பிரியப் பிரிய மெலிந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஊசிகளாகக் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடும். உடம்பினால் அதைக் கரைக்க முடியாது.

நுரையீரல் தழும்பேறிச் சுருங்குவது ஒரு நோய். நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மூன்றாவது. அது ஏறக்குறைய கல்நாருக்கே உரிய நோய். தூசியைச் சுவாசித்து 20 வருஷம், 30 வருஷம், சில சமயம் 50 வருஷம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். குழந்தையாக இருந்தபோது சுவாசித்தவருக்கு நடுவயதில் நோய் வரலாம்! நிறையச் சுவாசித்தவருக்கு அபாயம் அதிகம். கொஞ்சம் சுவாசித்தவருக்குக் குறைவு. "இவ்வளவு வரை பாதகமில்லை" என்று கோடு போட்டுச் சொல்ல வைத்தியர்கள் தயாராக இல்லை.

சர்டிபிகேட் வந்தது

உண்மை தெரிந்ததும் சர்க்கார் விழித்துக்கொண்டது. 1980-க்கு முன் கட்டப்பட்ட சுமார் 65,000 வீடுகளைச் சோதித்தார்கள். பஞ்சு இருந்த வீடுகளை அடையாளம் கண்டு, 1988-க்கும் 1993-க்கும் இடையில் சுத்தம் செய்தார்கள். வேலை முடிந்த வீடுகளுக்குச் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த, கைக்கு எட்டிய கல்நாரைத்தான் எடுத்தார்கள். சுவரின் இடுக்குகளில் உதிர்ந்து கிடந்ததை எடுக்கவில்லை; எடுக்கவும் வழியில்லை. படித்தவர்களோ "வீடு சுத்தம்" என்று படித்துக்கொண்டார்கள். ஜனங்கள் அந்த வீடுகளை நம்பி வாங்கினார்கள். கடன் வாங்கி வாங்கினார்கள். குழந்தை குட்டிகளோடு குடியேறினார்கள். ஜன்னலை மாற்றினார்கள், அறையைப் பெரிதாக்கினார்கள். அலமாரிக்கு ஆணி அடித்தார்கள். சிலருக்கு அந்த வீட்டின் பூர்வ கதையே தெரியாது.

முதல் சோதனையில் விட்டுப்போன ஒரு வீடு பின்னால் அகப்பட்டது. 2013-ல் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். கூரையில் போட்ட பஞ்சு சுவர்களுக்குள் எல்லாம் இறங்கியிருந்தது! அப்படியானால், "சுத்தம்" செய்த மற்ற வீடுகளின் கதி? 2014 தொடக்கத்தில் வீட்டுக்காரர்களுக்குக் கடிதங்கள் போயின. சோதனை செய்த சில வீடுகளில் துணி அலமாரிக்குள்ளேயே கல்நார் அகப்பட்டது. சில குடும்பங்கள் உடனே வெளியேறின. மெத்தை, துணிமணி, குழந்தைகளின் துணிப் பொம்மை ஆகியவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

1 ரூபாய்க்கும் போகாத வீடு

அந்த வீட்டை யார் வாங்குவார்கள்? எலெக்ட்ரீசியன்கூட உள்ளே வரத் தயங்கினார். கடன் மட்டும் பாக்கி நின்றது. 2014 அக்டோபரில் சர்க்கார் முடிவு எடுத்தது: அத்தனை வீடுகளையும் வாங்கி இடிப்பது! கல்நார் இல்லாத வீடாகப் பாவித்து விலை போட்டார்கள். இதற்காக மத்திய சர்க்கார் 100 கோடி டாலர் கடன் கொடுத்தது.

முதலில் உள்சுவர்களைப் பிரித்து, நார் பறக்காமல் இருக்கப் பசை தெளித்து, பிறகு இயந்திரத்தால் இடித்தார்கள். மண்ணையும் சோதித்தார்கள். பழைய சொந்தக்காரருக்கு மனையைத் திரும்ப வாங்க முதல் உரிமை உண்டு. ஆனால் விலை புதிய விலை. பலரால் அது முடியவில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடிய தோட்டத்தில் இப்போது வேறு யாருடைய வீடோ நிற்கிறது.

பயப்பட வேண்டியது எது?

ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் கல்நாருக்கு முழுத் தடை. ஆனாலும் 1990-க்கு முன் கட்டிய வீடுகளில் பழைய சரக்கு இருக்கலாம். அதைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது சிமெண்டோடு இறுகிப்போன தகடு. உடையாமல், உதிராமல் இருக்கும்வரை நார் வெளியே வருவது மிகக் குறைவு. கான்பெராவைக் கலக்கியது உதிரிப் பஞ்சு. இரண்டும் கல்நார்தான், ஆனால் கூண்டுப் புலியும் தெருப் புலியும் ஒன்றாகுமா? ஆகவே அங்கே வீடு வாங்குபவர்கள் "இருக்கிறதா?" என்பதோடு நிறுத்துவதில்லை. எந்த உருவத்தில், எந்த இடத்தில், எந்த நிலையில் என்று கேட்கிறார்கள். பரிசோதகரின் அறிக்கையில் "பார்க்க முடியாத இடங்கள்" என்று ஒரு பகுதி இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

நம் ஊர்ச் சங்கதி வேறு. இங்கே கூரைக்குள் பஞ்சு ஊதும் வழக்கம் இல்லை. மாடிக் கொட்டகை, கார் ஷெட், பின்கட்டு ஆகியவற்றின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்; சில பழைய வீடுகளில் மழைநீர்க் குழாயும் அதே சரக்கு. இந்தியாவில் இதற்குத் தடை இல்லை. ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து கல்நார் வந்துகொண்டுதான் இருக்கிறது. கல்நார் கலக்காத ஷீட்டும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வுக்கூடத்தில்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதுவரை கல்நார் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

முழுசாக இருக்கும் ஷீட்டை அப்படியே விட்டுவிடலாம். துளை போடுவது, ரம்பத்தால் அறுப்பது, பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது, மேலிருந்து தள்ளி உடைப்பது ஆகியவைதான் விபரீதம். கழற்றியே ஆகவேண்டுமானால், விவரம் தெரிந்த ஆளைக் கொண்டு, குழந்தைகளை அப்புறப்படுத்தி, தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பாலிதீனில் சுற்ற வேண்டும். வேலையாள் முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள முகமூடி தேவை. பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தரை மட்டம் பண்ணப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாளைக்கு அங்கே கடப்பாரை போடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கெல்லாம் செலவு ஆகும். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு மேஸ்திரியை அழைத்துப் போய், எத்தனை ஷீட் என்று எண்ணி, இறக்கும் கூலியையும் புதுக் கூரையின் விலையையும் கணக்குப் போட்டுப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.