உங்களுக்குத் தெரியுமா? சீனன்குடாவுக்கு எட்டாத வெளிச்சம்

● பூமியின் காந்த நடுக்கோடும் புவியியல் நடுக்கோடும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் காந்த நடுக்கோடு வடக்கே விலகி, தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. வானில் நிறநிறமாய் மிளிரும் துருவ ஒளியோ காந்த முனைகளைச் சுற்றி வளையமாகத் தோன்றுவது. அதைப் பார்க்க உலகிலேயே மிகவும் தோதில்லாத இடங்களில் திருகோணமலையின் சீனன்குடாவும் ஒன்று.

● ஆனால் நம் சனம் அதை நெடுநாளாகவே பார்த்து வருகிறது. 1980களிலேயே வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் இலங்கைத் தமிழர் வேலை செய்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே அவர்களுக்குத் தலைக்கு மேல் பச்சை வானம். 2024 மே 10 இரவு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்களுக்குக்கூட அது கிடைத்தது. 2003க்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான சூரியப் புயல் அது.

● அதே இரவில் லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கமராக்களில் சிவப்பு ஒளிப் பட்டை பதிவானது. அது துருவ ஒளிக்கு நெருங்கிய உறவு. வெறும் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும்.

● 1872 பெப்ரவரி 4இல் பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு உண்டு. ஏடனுக்குப் போன கடலடித் தந்திக் கம்பியும் அன்று குழம்பியது.

● “படத்தில் இவ்வளவு பச்சை, நேரில் பார்த்தால் வெறும் சாம்பல் புகை!” நோர்வே போய் வந்தவர்கள் பலர் இப்படி ஆதங்கப்படுவார்கள். போன் பொய் சொல்லவில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறம் காணும் கலங்கள் வேலை செய்வதில்லை. கறுப்பு வெள்ளை காணும் கலங்களே விழித்திருக்கும். போனின் நைட் மோட் சில செக்கன்களுக்குப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிந்திய வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துத் தருகிறது. அந்தப் பச்சை உண்மையிலேயே வானத்தில் இருக்கிறது. ஒளி பலமாக வீசும் இரவில் கண்ணுக்கே நிறம் தெரியும்.

● பச்சையும் சிவப்பும் ஒட்சிசன் தருபவை. பச்சை சுமார் 100 கிலோமீற்றருக்கு மேலிருந்து, சிவப்பு 200 கிலோமீற்றருக்கும் மேலிருந்து வரும். ஊதா விளிம்பு நைதரசனுடையது.

● போனில் படம் எடுக்கும் முறை: முதலில் லென்ஸைத் துடையுங்கள், விரல் எண்ணெய் ஒட்டியிருந்தால் வெளிச்சம் மெழுகிவிடும். பிளாஷை நிறுத்துங்கள். அகலக் கோண லென்ஸை விட்டு 1x லென்ஸையே பாவியுங்கள், அதற்குள்தான் கூடுதல் வெளிச்சம் போகும். முக்காலி அவசியம், பொத்தானைத் தொடும் அசைவே படத்தைக் கெடுக்குமென்பதால் 3 செக்கன் டைமரும் வையுங்கள். கையால் அமைப்பதென்றால் போகஸ் முடிவிலியில், ஐஎஸ்ஓ 800 முதல் 3200 வரை. ஒளி அசையாமல் நின்றால் 10 செக்கன், திரைச்சீலையாய் ஆடினால் 2 அல்லது 3 செக்கன் போதும். பிக்சல் போன்களின் நட்சத்திர மோட் 4 நிமிடம் வரை பதிவு செய்யும். ஆடும் ஒளி அதில் கூழாகிவிடும்.

● குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். எடுக்காத நேரத்தில் போன் ஜாக்கெட்டின் உட்பையில் இருக்கட்டும்.

● கோடை விடுமுறையில் வட நோர்வேயின் துரோம்சோ போகிறவர்களுக்கு: மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. துருவ ஒளிக்குச் செப்டெம்பர் முதல் மார்ச் வரை போக வேண்டும்.

● பயணத்துக்கு முன் ஊரிலேயே பழகலாம். மாரி ஓய்ந்ததும் சீனன்குடாவில் பிரீமா மா ஆலையின் வெளிச்சம் படாத இடத்தில் நின்று தெற்கு வானத்தைப் பிடியுங்கள். விமானப்படைத் தளத்தையும் துறைமுகத்தையும் நோக்கிக் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

● பெப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் அந்தத் தெற்கு வானில் பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். வடக்கே 37 பாகையைத் தாண்டினால் அது உதிப்பதே இல்லை. ஒஸ்லோ, லண்டன், ரொறன்ரோ எதிலிருந்தும் பார்க்க முடியாது. மே மாதத்தில் அதே நேரம் தென்சிலுவை வரும். அதுவும் அங்கிருப்பவர்களுக்கு இல்லை. பச்சை வானப் படத்தை அங்கிருந்து அனுப்பிய மாமாவுக்கும் பெறாமகளுக்கும் இந்த இரண்டின் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.