தொட்டியில் அழகு... தரையில் 15 மாடி! கிறிஸ்துமஸ் மரம் நடும் முன் கவனிக்க வேண்டியவை

டிசம்பர் பிறந்தால் நர்சரி வாசல்களில் வரிசையாக வந்து நிற்கும் கிறிஸ்துமஸ் மரக்கன்றுகள். அடுக்கடுக்கான கிளைகளைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். பண்டிகை முடிந்ததும் பலரும் அதை காம்பவுண்ட் சுவர் ஓரமாக நட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்!

இது பைனே இல்லை

பைன் என்று அழைத்தாலும், இது அராகேரியா என்ற வேறு இனம். கொடைக்கானலில் நாம் பார்க்கும் பைன் மரங்களுக்குக் குளிர் தேவை. இதுவோ சென்னை வெயிலையும், கடற்கரையின் உப்புக்காற்றையும் தாங்கும்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே உள்ள நார்ஃபோக் தீவுதான் இதன் தாய்மண். அங்கே 50 மீட்டருக்கு மேலும் வளரும். அதாவது, சுமார் 15 மாடி உயரம்!

எங்கே நடலாம்?

வீடு, சுவர், செப்டிக் டேங்க் ஆகியவற்றிலிருந்து 20 அடியாவது தள்ளி நடுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். 'வளர்ந்தால் வெட்டிக்கொள்ளலாம்' என்று நினைக்க வேண்டாம். நுனியை வெட்டினால் கோபுர வடிவம் போய்விடும். உதிர்ந்த அடிக்கிளைகளும் மீண்டும் துளிர்க்காது.

சாய்ந்து வளர்கிறதா?

உங்களிடம் இருப்பது இதன் நெருங்கிய உறவான குக் பைனாக இருக்கலாம். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவது உண்டு. குக் பைன் மரங்கள் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்வதாக 2017-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் என்றால், தெற்குப் பக்கம்!

தொட்டியே போதும்

இடம் இல்லாதவர்கள் தொட்டியிலேயே வளர்க்கலாம். வேர் பரவ இடம் குறைவு என்பதால் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும்.

* நல்ல வெளிச்சம் விழும் ஜன்னல் ஓரம் வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் ஒரு பக்கமாகச் சாயாது.
* மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.
* ஏசி காற்று நேராகப் படக்கூடாது. காற்றில் ஈரம் குறைந்தால் இலைகள் பழுப்பாகும்.
* பக்கக் கிளையை ஒடித்துப் பதியம் போடாதீர்கள். அது நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும்.
* அலங்காரத்துக்கு எடை குறைந்த பொருள்களே போதும். கிளைகள் எளிதில் முறியும்.

வீட்டைச் சுற்றி இடம் இருந்தால் தரை, இல்லையென்றால் தொட்டி. இந்த முடிவைக் கன்று வாங்கும்போதே எடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து ஆள்வைத்து மரத்தை வெட்ட வேண்டிய செலவும் இல்லை, மனவருத்தமும் இல்லை.