நாளும் ஊரும்: புதுச்சேரியின் நாட்குறிப்புகளும் புகைப்படங்களும்

கல்வெட்டும் செப்பேடும் அரசாணையும் சொல்லாமல் விட்ட செய்திகளைச் சொல்வதால் நாட்குறிப்பையும் புகைப்படத்தையும் வரலாற்றாசிரியர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். ஆயினும் இரண்டுக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. நாட்குறிப்பு எழுதியவர் கையாலேயே நாளிடப்பட்டுப் பிறக்கிறது. புகைப்படமோ, எடுத்தவரோ காப்பவரோ நாளையும் ஊரையும் குறித்துவைத்தாலொழிய, எந்தக் காலத்து எந்த ஊர் என்று தெரியாத வெறும் படமாகவே நின்றுவிடுகிறது. இவ்வேறுபாடு ஆவணக்காப்பில் எவ்வளவு முக்கியமானது என்பதைப் புதுச்சேரியில் தெளிவாகக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழில் எழுதப்பட்ட புகழ்பெற்ற நாட்குறிப்புகள் அந்த ஊரில் பிறந்தவை; தென்னிந்தியக் கோயில்களைப் பற்றிய மிகப் பெரிய புகைப்படத் தொகுதிகளுள் ஒன்றும் அந்த ஊரிலேயே காக்கப்பட்டு வருகிறது.

நாட்குறிப்புகளுள் முதலிடம் ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. அவர் 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்து, வணிகத்தில் தேர்ந்து, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். துபாஷி என்ற சொல்லுக்கு இரு மொழி அறிந்தவர் என்பதே பொருள் என்றாலும், அப்பதவி மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. கம்பெனிக்கு வேண்டிய துணிகளை வணிகர்கள் வழியாகச் சேகரித்துக் கொடுப்பதும், நவாபு முதலிய உள்நாட்டு ஆட்சியாளர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பதும், ஊராரின் வழக்குகளைக் கவர்னரின் காதுக்குக் கொண்டுபோவதும் அவர் பொறுப்பாயின. கவர்னர் துய்மாவின் ஆட்சிக்காலத்தில், 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கிய குறிப்பு, இடையிடையே விடுபடல்கள் இருந்தாலும், ஏறத்தாழ அவர் வாழ்நாள் முடியும்வரை தொடர்ந்தது. 1761 ஜனவரி 12ஆம் நாள் அவர் இறந்தார்; நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

இந்நாட்குறிப்பின் நாளிடும் முறையே தனியாகக் கவனிக்கத் தக்கது. பிரபவ முதல் அட்சய ஈறான அறுபது ஆண்டுப் பெயர்களைக் கொண்டு காலங்கணிக்கும் தமிழ் மரபில், ஒரே பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவதால், நள ஆண்டு ஆவணி மாதம் என்று மட்டும் எழுதிய ஓலை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதில் குழப்பம் நேர்வதுண்டு. பிள்ளையோ தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு ஐரோப்பிய ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தே எழுதினார். பிரெஞ்சுக்காரரோடும் தமிழ் வணிகரோடும் ஒரே நாளில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தவருக்கு இரண்டு நாள்காட்டியும் தேவைப்பட்டன. வணிகத்துக்காகக் கைக்கொண்ட அந்தப் பழக்கம் பிற்கால ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

அவர் எழுதியவற்றுள் பெருநிகழ்ச்சிகள் பல உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியது, 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அம்முற்றுகையின்போது செப்டம்பர் மாதத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது ஆகியவை அவருடைய கண்ணெதிரே நிகழ்ந்தவையோ உடனுக்குடன் அவர் காதுக்கு எட்டியவையோ ஆகும். ஆனால் அவை மற்ற ஆவணங்களிலும் இடம்பெற்றவை. நாட்குறிப்பின் தனிச்சிறப்பை அதன் சிறிய வரிகளில்தான் தேட வேண்டும்: துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கு எத்தனை பீரங்கி முழக்கினார்கள், கவர்னரைக் காணச் சென்றவர் என்ன காணிக்கை வைத்தார், சரக்கு என்ன விலைக்குப் பேசப்பட்டது, எவருக்குப் பல்லக்கேறும் உரிமை கிடைத்தது என்பன போன்றவை அவை. 1745இல் கிறித்தவத் தேவாலயம் ஒன்றினுள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த பூசலையும் அவர் பதிந்திருக்கிறார். கம்பெனியின் கணக்கேடுகள் துணியையும் வெள்ளியையும் எண்ணிக்கொண்டிருந்தபோது, தெருவில் நடந்த பேச்சை இந்தத் துபாஷி எண்ணிக்கொண்டிருந்தார் எனலாம்.

அவருடைய நடை இலக்கண நூலார் மெச்சும் நடையன்று. நிறுத்தக்குறிகளின்றி நீளும் வாக்கியங்களில் பேச்சுவழக்கும், பிரெஞ்சு, போர்த்துகீசியம், பாரசீகம், வடமொழி ஆகியவற்றின் சொற்களும் கலந்து கிடக்கின்றன. கவர்னர் என்பது குவர்னராகவும், பிரெஞ்சு மரியாதைச் சொல் முசே என்றும் தமிழ் ஒலியேற்று வருகின்றன. தம் கையெழுத்தில் அமைந்தது என்று பொருள்படும் சொஸ்த லிகிதம் என்ற தொடர் அச்சுப்பதிப்பின் தலைப்பில் இடம்பெற்றது. தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் இந்நூலைத் தொடாமல் கடந்துபோக இயலாது.

அவர் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. பதவிக்காகத் தம்மோடு போட்டியிட்டவர்களைப் பற்றியும், கவர்னர் துய்ப்ளேயின் மனைவியைப் பற்றியும் அவர் எழுதும்போது வெறுப்பு வெளிப்படையாகவே தெரிகிறது. தம்மைப் பிறர் புகழ்ந்த பேச்சை அவர் சுருக்கியதாகவும் தெரியவில்லை. எனினும் நாள்தோறும் எழுதப்பட்டதாலேயே இக்குறையை ஓரளவு அளந்துகொள்ள முடிகிறது. திங்களன்று நம்பிய வதந்தியை அடுத்த வாரம் பொய்யென்று அறிந்தவர், பின்னோக்கிச் சென்று முந்தைய பக்கத்தைத் திருத்துவதில்லை. வாழ்க்கை முடிந்தபின் நினைவிலிருந்து எழுதப்படும் தன்வரலாற்றில் இந்த நேர்மையை எதிர்பார்ப்பது கடினம்.

இத்தகைய ஆவணம் ஏறத்தாழ மறைந்தே போயிருக்கும். பிள்ளை இறந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 1846இல், அவர் குடும்பத்தார் வசமிருந்த ஏடுகளைக் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்து படியெடுத்தார். அக்காலத்தில் புதுச்சேரியில் பணியாற்றிய எதுவார் அரியேல் என்ற தமிழறிஞரும் தமக்கென ஒரு படி எடுத்துக்கொள்ள, 1854இல் அவர் இறந்தபின் அந்தப் படி பாரிசு சென்று, இன்று பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மூலமொழியான தமிழில் அச்சேறும் பணியோ அதன் பிறகே, இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், புதுச்சேரியில் தொடங்கியது. தமிழில் எழுதிய ஒருவரின் நூலைத் தமிழர்கள் ஆங்கிலத்தில் முதலில் படிக்க நேர்ந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தியன்று. பிரபஞ்சன் இந்நாட்குறிப்பை அடியொற்றி ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களை எழுதிய பின்னரே பொது வாசகரிடையே பிள்ளையின் பெயர் பரவலாயிற்று. பிள்ளையைத் தொடர்ந்து அவர் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதினர். ஊர்க்காவல் பொறுப்பிலிருந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய குறிப்பும் கிடைத்திருக்கிறது.

இனிப் புகைப்படங்களுக்கு வரலாம். புதுச்சேரி 1954 நவம்பரில் இந்தியாவோடு இணைந்த சில மாதங்களில், 1955 மார்ச்சில், ழான் ஃபிலியோசா என்ற இந்தியவியல் அறிஞரை இயக்குநராகக் கொண்டு பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புனித லூயி தெருவில் திறக்கப்பட்டது. இந்நிறுவனமும், பிள்ளை குறிப்பெழுதத் தொடங்கிய காலத்துக் கவர்னரின் பெயரைத் தாங்கிய துய்மா தெருவில் இயங்கும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து, 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுக்கத் தொடங்கின. மலைக்கோயில், பாழடைந்த சிற்றூர்க் கோயில், வழிபாடு நின்றுபோன கருவறை என்று பாகுபாடின்றி எடுக்கப்பட்ட அப்படங்கள் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதியாக நிற்கின்றன. இந்நிறுவனமும் அதனோடு தொடர்புடைய நூலகங்களும் காக்கும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. புகழ் பெரும்பாலும் சுவடிகளுக்கே போய்ச் சேர, புகைப்படங்கள் நெடுங்காலம் ஆய்வாளர் வட்டத்துக்கு உள்ளேயே இருந்தன.

அப்படங்களின் வலிமை அழகில் இல்லை. பல படங்களில் வெளிச்சம் போதாது, சிலவற்றில் சிலைமேல் சாத்திய துணியும் எண்ணெய்ப் பிசுக்கும் உருவத்தையே மறைக்கின்றன. ஒவ்வொரு படத்தோடும் ஊர், கோயில், படிமத்தின் பெயர், எடுத்த காலம் ஆகியவை பதிவாகியிருப்பதே அவற்றின் வலிமை. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராசர் திருமேனி களவாடப்பட்டு, நியூயார்க் வணிகர் ஒருவர் வழியாக, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் இந்தியச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டதாகையால், சிலை அதற்கு முன்பே நாட்டை விட்டுச் சென்றதாகக் காட்டும் போலிப் பத்திரங்கள் அதற்குத் தயாரிக்கப்பட்டிருந்தன. அதே சிலை 1990களில் கோயிலுக்குள்ளேயே இருந்ததைப் பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் காட்டியதும் அப்பத்திரங்கள் பொருளிழந்தன. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலைக்கும் அந்நிறுவனம் 1970களில் எடுத்த படமே சான்றாக நின்றது. 2014 செப்டம்பரில் இரு சிலைகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

ஒரு படத்தில் உள்ள செப்புத்திருமேனியும் தொலைவில் ஒரு கலைக்கூடத்தில் நிற்கும் செப்புத்திருமேனியும் ஒன்றே என்று எப்படி உறுதிசெய்வது என்ற ஐயம் எழலாம். சோழர் காலப் படிமங்கள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை: தேன்மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் அச்சை உடைத்தே சிலையை எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. திருவாசியின் சுடர்களுள் ஒன்று சற்றே வளைந்திருப்பது, பீடத்தின் விளிம்பில் உள்ள பள்ளம், வார்ப்பில் நேர்ந்த சிறு குறை ஆகியவற்றைப் படத்தோடு ஒப்பிட்டே நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள். படமெடுத்தவர் கலை வரலாற்றுக்காகக் கருவியைத் திருப்பினார். அவர் தற்செயலாகப் பதிந்த பள்ளமே வழக்கில் சாட்சியாயிற்று.

ஆனால் புகைப்படமும் ஏட்டைப் போலவே அழியக்கூடியது. ஓலைச்சுவடிக்குப் புல்லெண்ணெய் பூசிப் பூச்சியை விரட்டலாம். நெகட்டிவ் எனப்படும் எதிருருப் படச்சுருளுக்கு அவ்வாறான எளிய மருந்து இல்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிதும் பயன்பட்ட அசிட்டேட் வகைச் சுருள், வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. பெட்டியைத் திறந்தவுடன் வினிகரின் புளித்த நெடி மூக்கிலேறினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். பின்னர்ச் சுருள் சுருங்க, அதன்மேல் படிந்த உருவப்படலம் சுருங்காமல் மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். ஒரு சுருளின் அமில ஆவி அருகிலுள்ள சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்துமாதலால், நோயுற்றதைப் பிரித்துத் தனியே வைப்பதும், குளிர்ந்த வறண்ட அறையில் காப்பதும், காலந்தாழ்த்தாமல் எண்ணிம வடிவில் படியெடுப்பதுமே வழி. கடற்காற்று ஓயாத புதுச்சேரியில் வறண்ட அறை என்பது மின்சாரச் செலவில் மட்டுமே கிடைக்கும் பொருள்.

கோயில் படங்களுக்கு வாய்த்த நாளும் ஊரும் வீட்டுப் படங்களுக்கு வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைத் தேடிப் பதிவுசெய்யும் பணியைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு மேற்கொண்டது. கடை மூடப்படும்போது கண்ணாடி நெகட்டிவ்கள் கண்ணாடிக்காகவும் வெள்ளிக்காகவும் விலைபோய்விட, எஞ்சியவற்றில் பெயரோ தேதியோ இருப்பது அரிது. வரைந்த திரையின் முன், ஒரு கையை நாற்காலியின்மேல் ஊன்றி நிற்கும் அந்தத் தம்பதி யாரென்று சொல்லக்கூடியவர் உயிரோடில்லாதபோது, ஆய்வாளர் படத்தைப் புரட்டிப் பின்புறத்தைப் பார்க்கிறார். ஸ்டூடியோவின் முத்திரையில் உள்ள முகவரி, தொலைபேசி எண்ணின் இலக்கங்கள், ஒட்டிய அட்டையின் கனம், தாளின் விளிம்பு நேராக வெட்டப்பட்டதா பற்களாக வெட்டப்பட்டதா என்பன கொண்டு பத்தாண்டுக் கணக்கில் ஒரு காலத்தை அவர் ஊகிக்கிறார். எப்போதாவது அங்கே, கல்யாணம் நடந்த தேதியும் மாமனார் ஊரும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.