மன்னிப்பு மட்டும் போதுமா? கனடாவின் பூர்வகுடிகளும் நம் கடமையும்

கனடாவில் நூறாண்டுக்கும் மேலாக, 1,50,000-க்கும் அதிகமான பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அரசு பணம் கொடுத்தது. பெரும்பாலும் திருச்சபைகள் நடத்தின. தாய்மொழியில் பேசினால் தண்டனை. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவேயில்லை.

2008-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது.

அடியார்களின் உரிமையைப் பறித்தவருக்கு வாயளவிலான தவ்பா போதாது. பறித்ததை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்தது. நல்லிணக்கத்துக்கும் அதுவே அளவுகோல். மொழி, நிலம், குழந்தைகள் மீதான உரிமை ஆகியவை திரும்பாதவரை மன்னிப்பு முழுமையாகாது.

"நாம் பின்னால் குடியேறியவர்கள்தானே" என்று ஒதுங்கவும் முடியாது. 94-வது பரிந்துரையைத் தொடர்ந்து 2021-ல் குடியுரிமை உறுதிமொழி திருத்தப்பட்டது. பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கும் அரசியல் சட்டத்தைப் பேணுவதாக இன்று புதிய குடிமக்கள் வாக்களிக்கிறார்கள். கொடுத்த வாக்கு அமானிதம். அதுபற்றி அல்லாஹ்விடம் விசாரணை உண்டு.

நாம் வாழும் நிலம் எந்த மக்களுடையது என்று அறிவோம். செப்டம்பர் 30, உண்மை மற்றும் நல்லிணக்க தினத்தில் இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவர்கள் நீதி கேட்கும்போது உடன் நிற்போம்.