பெரிய வீட்டுச் சாதனம்: எப்போது வாங்கலாம், எங்கே வாங்கலாம்?

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி போன்றவை ஒரு முறை வாங்கினால் பத்து ஆண்டுகளாவது வீட்டில் இருக்க வேண்டியவை. கடையில் கொடுக்கும் பணம் அவற்றுக்கு ஆகும் செலவின் முதல் தவணைதான். பொருத்தும் கூலி, இழுக்கும் மின்சாரம், பழுது பார்க்கும் செலவு எல்லாம் சேர்ந்ததே உண்மையான விலை. வாங்கும் காலத்தையும் கடையையும் இந்த முழு விலையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பழையது நின்றுபோகும் முன்

இருக்கும் இயந்திரம் நின்றுபோன மறுநாள்தான் புதியது வாங்க மிக மோசமான நாள். கோடையில் பிரிட்ஜ் நின்றால் பாலும் மாவும் கெடுகின்றன. அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதை, சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. பேரம் பேசவோ நான்கு இடங்களில் விசாரிக்கவோ நேரம் இருப்பதில்லை.

இயந்திரங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டுகின்றன. பிரிட்ஜின் மோட்டார் ஓயாமல் ஓடுவது, ஏசிக்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டி வருவது, வாஷிங் மெஷின் சுழலும்போது அதிர்ந்து இடம்பெயர்வது, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று மெக்கானிக் சொல்வது ஆகியவை அவற்றுள் சில. பத்து வயதைக் கடந்த இயந்திரத்துக்குப் புதியதன் விலையில் பாதி அளவு பழுதுச் செலவு சொல்லப்பட்டால், மாற்றுவதே சிக்கனம். மூன்று, நான்கு ஆண்டே ஆன இயந்திரம் என்றால் பழுது பார்ப்பது நல்லது. அறிகுறி தெரிந்ததுமே விசாரிக்கத் தொடங்கும் குடும்பத்துக்கு, சரியான பருவத்துக்காகக் காத்திருக்கச் சில மாதங்கள் கிடைக்கின்றன.

விற்பனைப் பருவங்கள்

தமிழ்நாட்டில் சாதன விற்பனை பண்டிகைகளையும் முகூர்த்தங்களையும் ஒட்டியே நடக்கிறது. ஆடியில் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் திருமணமோ புதுமனை புகுவிழாவோ நடத்துவதில்லை. சீர்வரிசைக்கும் புது வீட்டுக்கும் வாங்குவோர் குறையும் அந்த மாதத்தில் வியாபாரத்தை ஓட்டவே ஆடித் தள்ளுபடி தரப்படுகிறது. கூட்டம் குறைவு என்பதால் பேசி விலை குறைக்கவும் இடம் உண்டு. ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கியதும் அந்தச் சலுகை மெலிந்துவிடும்.

ஆயுத பூஜை முதல் தீபாவளி வரை உற்பத்தி நிறுவனம், வங்கி, கடை மூன்றும் சேர்ந்து சலுகை தருகின்றன. மாடல்களும் அதிகம் கிடைக்கும். ஆனால் பொருள் வந்து சேரவும் ஆள் வந்து பொருத்தவும் தாமதமாகும். ஜனவரி 1, பொங்கல், குடியரசு நாள், சுதந்திர நாள் ஆகியவற்றையொட்டியும் தள்ளுபடி விற்பனைகள் நடக்கின்றன.

ஏசிக்குப் பருவம் வேறு. மார்ச் முதல் ஜூன் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் சலுகை சுருங்குகிறது. பொருத்தும் ஆட்களும் கிடைப்பதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாங்குவதே லாபம். இதில் ஒரு கவனம் தேவை: உத்தரவாதம் பில் போட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும். மார்கழியில் வாங்கிவிட்டுப் பங்குனியில் முதல் முறை ஓட்டினால், குறை தெரிய வரும்போது உத்தரவாதத்தில் பல வாரங்கள் கழிந்திருக்கும். குளிர்காலம் ஆனாலும் பொருத்திய அன்றே சில மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

நட்சத்திரம் மாறும் நாள், வரி மாறும் நாள்

எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு 2006இல் தொடங்கியது. ஏசிக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜுக்கும் 2010 ஜனவரியில் அது கட்டாயமானது. நட்சத்திரங்களுக்கான அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. ஏசிக்கு 2022 ஜூலையிலும் பின்னர் 2026 ஜனவரியிலும் அது மாறியது. பழைய அளவுகோலில் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஏசி புதியதில் நான்கு மட்டுமே பெறக்கூடும். மாற்றத்துக்கு முந்தைய மாதங்களில் கடைகள் பழைய இருப்பைத் தள்ளுபடியில் விற்றுத் தீர்க்கின்றன. விலை நன்றாகக் குறைந்திருந்தால் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வெவ்வேறு ஆண்டுகளின் நட்சத்திரங்களை ஒப்பிடக் கூடாது. குறியீட்டுச் சீட்டில் அது எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பதும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்பதும் அச்சாகியிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த யூனிட் எண்ணிக்கையை.

வரி மாற்றமும் விலையை ஒரே நாளில் புரட்டிப்போடும். ஏசிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 அன்று 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு 40,000 ரூபாய்க்கு விற்ற ஏசியின் அடிப்படை விலை 31,250 ரூபாய். புதிய வரியில் அதன் விலை 36,875 ரூபாய். பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2018 ஜூலையிலேயே வரி 18 சதவீதமாகிவிட்டதால் 2025இல் அவற்றின் வரி மாறவில்லை. வரிக் குறைப்பு என்று விளம்பரம் வந்தால், வாங்கப்போகும் பொருளுக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

நான்கு வகைக் கடைகள்

ஒரே நிறுவனத்தின் ஷோரூமில் அதன் எல்லா மாடல்களையும் பார்க்கலாம். விவரமும் தெளிவாகக் கிடைக்கும். பிற நிறுவனப் பொருளோடு ஒப்பிட முடியாது.

பல நிறுவனப் பொருள்களை விற்கும் பெரிய கடைகள் தமிழ்நாட்டுக்குப் பழக்கமானவை. சென்னையில் விவேக்ஸ் 1965இலும் வசந்த் அண்ட் கோ 1978இலும் தொடங்கின. இத்தகைய கடைகளில் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஆனால் பெரிய கடைகளில் விளக்கம் சொல்பவர் பல நேரம் கடையின் ஊழியர் அல்லர். ஒரு குறிப்பிட்ட நிறுவனம் அங்கே நிறுத்தியிருக்கும் விற்பனையாளர். அவருடைய பரிந்துரை அந்த நிறுவனத்தின் பக்கம் சாய்வது இயல்பு. அதை அறிந்துகொண்டு கேட்பது நல்லது.

தெருமுனைக் கடையில் மாடல்கள் குறைவு. விலையும் சில நூறு ரூபாய் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பழுது வந்தால் கடைக்காரரே சர்வீஸ் மையத்தோடு பேசி ஆளை வரவழைப்பார். சிற்றூர்களில் இந்த உதவி விலை வித்தியாசத்தைவிடப் பெரிது.

இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கும் நாட்கள் உண்டு. பெரிய சாதனங்களைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது கடினம்; நிறுவன டெக்னீஷியன் வந்து குறையை உறுதி செய்த பிறகே பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்த பின்பே ஒப்புக்கொள்ளும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்துக்கென்றே தனி மாடல் எண்கள் தரப்படுவதும் உண்டு. அதனால் கடையில் பார்த்த மாடல்தானா என்று எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும்.

எங்கே வாங்கினாலும் முதலில் விசாரிக்க வேண்டியது, நிறுவனத்தின் சர்வீஸ் மையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே. அக்கம்பக்கத்தில் அதே நிறுவனப் பொருள் வைத்திருப்பவரிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

விலையைக் கணக்கிடும் முறை

எம்.ஆர்.பி.யிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது பயனற்ற கணக்கு. பெரும்பாலான கடைகள் எம்.ஆர்.பி.க்கு விற்பதே இல்லை. பொருள் வீட்டில் பொருத்தப்பட்டு ஓடும் வரை கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையையே கேட்க வேண்டும். ஏசிக்குக் கூடுதல் செம்புக் குழாய், வெளிப்பெட்டியைத் தாங்கும் ஸ்டாண்டு, சுவரில் துளையிடும் கூலி, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும்.

அடுத்து மின்சாரம். ஏசியின் குறியீட்டில் உள்ள ஆண்டு நுகர்வு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. இரண்டு ஏசிகளின் குறியீட்டில் 200 யூனிட் வித்தியாசம், விலையில் 7,000 ரூபாய் வித்தியாசம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 250 இரவுகள், இரவுக்கு 8 மணி நேரம் ஓட்டும் வீட்டில் அது 2,000 மணி நேரம். மிச்சம் ஏறத்தாழ 250 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,000 ரூபாய். கூடுதல் விலை மூன்றரை ஆண்டில் திரும்பிவிடும். கோடையில் 60 இரவுகள் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 60 யூனிட், அதாவது 480 ரூபாய்தான். அவருக்கு விலை குறைந்த ஏசியே பொருத்தம். தமிழ்நாட்டில் நுகர்வு கூடக் கூட யூனிட் கட்டணமும் கூடுவதால், வீட்டு பில்லில் கடைசி அடுக்கின் கட்டணத்தை வைத்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்ற ஒன்று உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி வேறு பெயரில் விலைக்குள் அடங்கியிருக்கும். கார்டில் பரிசீலனைக் கட்டணமும் வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் சேரலாம். மொத்தப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை என்று கேட்டால் வித்தியாசம் வெளிப்படும். பழைய இயந்திரத்தைக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை என்றும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பில், உத்தரவாதம், புகார்

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்றால் பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு மட்டுமே. கேஸும் கூலியும் தனி. கூடுதல் பணம் கட்டி உத்தரவாதத்தை நீட்டினால், அதைத் தருவது உற்பத்தி நிறுவனமா வேறு நிறுவனமா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

குறையைக் கடையும் நிறுவனமும் தீர்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையோ இணைய நிறுவனமோ எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் ஆதாரம் பில்தான். ரசீது இல்லாமல் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் இடத்தில், குறைந்த விலையோடு இந்தப் பாதுகாப்பையும் வாங்குபவர் இழக்கிறார்.