நடைபாதைக் கணக்கு – 7: அட்வான்ஸ்

“மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், அன்றாடம் காசு பார்க்கிறார்கள். அப்புறம் ஏன் வாடகைக்கு ஒரு ரூம் எடுக்கக் கூடாது?” நடைபாதையில் வசிப்பவர்களைப் பற்றிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். குதர்க்கமான கேள்வி இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு வாடகை என்றால் ஒன்றாம் தேதி கொடுக்கிற தொகை. குடிபோகும்போது மொத்தமாகக் கொடுத்தது மறந்து போயிருக்கும்.

இதே கேள்வியை 1998இல் அமெரிக்காவில் ஒருவர் கேட்டிருக்கிறார். பார்பரா எரன்ரைக் எழுத்தாளர். உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கீழ்க்கூலியில் பிழைக்க முடியுமா என்று பார்த்துவிடுவதற்காக, ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் நகரில் உணவகப் பரிமாறுபவராகச் சேர்ந்தார். மணிக்கு 2.43 டாலர், மேற்கொண்டு டிப்ஸ். பிறகு மெய்ன் மாநிலத்தில் வீடு துடைத்தார். மினசோட்டாவில் வால்மார்ட் கடையில் துணி அடுக்கினார். 2001இல் ‘நிக்கல் அண்ட் டைம்டு’ என்று அது புத்தகமாயிற்று.

அந்தப் புத்தகத்தைப் பேசுகிறவர்கள் கூலியைத்தான் பேசுவார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு இடம். கூட வேலை செய்த ஒரு பெண்ணும் கணவரும் லாட்ஜில் ஒரு ராத்திரிக்கு 60 டாலர் கொடுத்துத் தங்கியிருந்தார்கள். இன்னொரு பெண்ணும் அங்கேயே போகலாம் என்று யோசிக்கிறாள். மாத வாடகைக்கு வீடு எடுத்தால் எவ்வளவோ மிச்சமாகுமே என்று எரன்ரைக்குக்கு ஆச்சரியம். ஒரு மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் சேர்த்துக் கொடுக்க நான் எங்கே போவேன் என்கிறாள் அவள். எரன்ரைக்குக்கு மட்டும் வீடு கிடைத்ததற்குக் காரணம், கைமுதலாக அவர் 1,300 டாலர் எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். புத்தகத்தில் சாதாரணமாகக் கடந்துபோகிற இந்தத் தகவல்தான், என்னைப் பொறுத்தவரை, அந்தப் புத்தகத்தின் சாரம்.

அங்கே டெபாசிட் ஒரு மாதம். சென்னையில் பத்து மாதம் வாங்குவது வழக்கம். 2017இல் வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர. வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்!

வால்டாக்ஸ் சாலையில் நடைபாதைவாசிகளுக்கு ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் மனுக்களை எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்களோடு ராத்திரி நேரங்களில் நானும் உட்காருவது உண்டு. மனுவில் முகவரி என்ற இடம் வந்ததும் எங்கள் பேனா நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு ராத்திரி, கல்யாண சமையலில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அக்காவிடம், ரூம் பார்க்கவில்லையா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“ஆசை இல்லாமயா தம்பி? மாசம் நாலாயிரம்னா எப்பிடியாச்சும் கட்டிருவேன். மொத்தமா நாப்பதாயிரம் வைன்னா எங்கேருந்து வெக்கிறது?”

அந்தக் கேள்வியோடு நிறுத்தாமல் முழுக் கணக்கையும் சொன்னார். முகூர்த்த நாள் இருந்தால்தான் வேலை. ஆடியும் மார்கழியும் வெறும் மாதங்கள். அப்போது தண்டல்காரர்தான் கதி. பேர் பத்தாயிரம், பிடித்தம் போகக் கைக்கு வருவது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட டிக் அடிக்கும் அட்டையை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மழை நாட்களில் கட்டம் காலியாக இருந்தது. ஆண்டு வட்டியாகப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்த வங்கியும் நம்மிடம் இப்படி வாங்குவதில்லை.

வாடகை மிச்சம் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டணக் கழிப்பறைக்கு ஐந்து ரூபாய், அங்கேயே குளிக்க இருபது. செல்போன் சார்ஜ் போடப் பெட்டிக்கடையில் பத்து. மழை பெய்தால் அடுப்பு எரியாது, அன்றைக்குச் சாப்பாடும் கடையில்தான். வீட்டில் இருக்கிற நமக்கு இதில் பாதிக்குச் செலவே கிடையாது.

இதையெல்லாம் கேட்டபின், போர்வை விநியோகத்தில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. கொடுப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்தச் சாலையில் போர்வைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நாற்பதாயிரத்துக்கு. 2020இல் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு கேட்காமல் பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தண்டல்காரர் சொல்லும் அதே பத்தாயிரம்! ஆனால் தள்ளுவண்டியோ தரைக்கடையோ வைத்திருந்தால்தான். பாத்திரம் தேய்ப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அதில் இடமில்லை. வாடகை அட்வான்ஸுக்கென்று அப்படி ஒரு கடன் இருந்தால், இந்தச் சாலையில் சில குடும்பங்களாவது அடுத்த மாதமே கதவுள்ள இடத்துக்குப் போய்விடும் என்று நினைக்கிறேன்.

“சரி, ஊருக்கு வெளியே வாடகை குறைவுதானே?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 1981இல் பம்பாயில் கொட்டும் மழையில் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தினார்கள். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர் வழக்குப் போட்டார். வேலை அருகில் இருப்பதால்தான் இவர்கள் அங்கே படுக்கிறார்கள், இடத்தைப் பிடுங்கினால் பிழைப்பும் போகும், பிழைப்பு உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 1985இல் தீர்ப்பு வந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு. ஆனால் முறையாக நோட்டீஸ் கொடுத்து, மழைக்காலம் முடிந்தபின் காலி செய்யலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பிழைப்புக்கு உரிமை உண்டு, படுக்க அந்த இடம் கிடையாது!

நம்மூரில் அப்படிக் காலி செய்தவர்களுக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்தார்கள். பாரிமுனையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை மூன்று மணிக்கு லோடு இறக்க வர வேண்டியவர் எந்த பஸ்ஸில் வருவார்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பியவர்களைச் சந்தித்தேன். அடுத்த வாரம் அவர்கள் கணக்கு.